காதில் பஞ்சோடு காற்றுத் தின்னப் போனது

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, கைப்பேசியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிக்கிற என் வயதுக்காரர்களே, இது உங்களுக்குத்தான். உங்களில் சிலர் என்னோடு ஒரே தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். என் அப்பாவுக்குக் ‘காத்து தின்னி’ என்று பெயர் வந்த கதையை எத்தனையோ கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லியிருக்கிறேன். ரசம் மூக்கில் ஏற நீங்களும் சிரித்திருக்கிறீர்கள். அந்தக் கதையில் ஒரு திருத்தம் இருக்கிறது. இந்த வருடம்தான் எனக்கே தெரிந்தது. கதை தெரியாதவர்களும் இருப்பார்கள் என்பதால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். அவசரப்படுத்தாதீர்கள். நாம் என்ன விடியற்காலையில் வேலைக்கா ஓட வேண்டும்?

எங்கள் தோட்டம் பெக்கோக்கிலிருந்து உள்ளே, செம்மண் சாலையில் வெகுதூரம் போக வேண்டும். அப்போது ரப்பர். இப்போது செம்பனை நிற்கிறது, லயம் இருந்த இடத்தில் உரக் கொட்டகை கட்டியிருக்கிறார்கள். அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். ரப்பர் பால் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனதால் அவருக்கு வழியெல்லாம் கூட்டாளிகள். சனிக்கிழமை பசாரில் மலாய்க்கார மீன்காரரிடம் பேரம் பேச ஆரம்பித்தார் என்றால், மீன்காரர் சிரித்துச் சிரித்து இன்னொரு மீனைத் தூக்கிப் போடுவார்.

வீட்டில் அப்பா, அம்மா, நான், அத்தை. அத்தை அப்பாவுக்கு அக்கா. சின்ன வயதிலேயே கணவரை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். அவள் எங்கள் வீட்டில் ஒன்று சொன்னால் லயத்துக் கடைசி வீட்டில் இருப்பவர்கள் பதில் சொல்வார்கள். அவ்வளவு சாரீரம். எனக்கு அவளிடம் பயம். அம்மாவும் அவளிடம் கொஞ்சம் அடங்கித்தான் போவாள்.

நான் சொல்லப்போவது ஒரு மழைக்காலம். வருடக் கடைசியில் பிடித்த மழை விடவே இல்லை. மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை. ஆண்கள் லயத்து வாசலில் சீட்டாடினார்கள். துணியெல்லாம் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காய்ந்தது, என் பள்ளிக்கூடச் சட்டைகூடப் புகை வாசம் அடித்தது. இன்றைக்கும் விறகுப் புகை மூக்கில் பட்டால் எனக்கு அந்த வருடம்தான் நினைவுக்கு வரும்.

எங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ வரப்போவதாக இருந்தது. அப்பா முன்கூட்டியே ஊரிலிருந்து தொட்டில் ஸ்பிரிங் வாங்கி வந்து, உத்தரத்தில் கொக்கி அடித்து மாட்டிவிட்டார். அதில் சாரோங்கைக் கட்டி என்னை உட்காரவைத்துக்கூடப் பார்த்தார். ஸ்பிரிங் கிரீச் கிரீச் என்றது. எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்றார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ‘உள்ள இருக்கறது பயந்துக்கப் போவுது, இறங்குடி’ என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா வெறுங்கையோடு திரும்பி வந்தாள். பிள்ளை மூச்சே விடவில்லையாம். பெண் பிள்ளை என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டதை வைத்துத்தான் எனக்குத் தெரியும். அம்மா வருவதற்கு முன்பே அப்பா ஸ்பிரிங்கைக் கழற்றி எங்கேயோ ஒளித்துவிட்டார். கொக்கியை மறந்துவிட்டார். அம்மா பாயில் படுத்துக்கொண்டு அந்தக் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். கோபமாக இருந்தால் தெரியும், அழுதால் தெரியும். அவள் அழவும் இல்லை. கேட்டால் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், வாய்க்குப் போகாது. வயிறு உப்பிக்கொண்டது. நடு மத்தியானத்திலும் குளிரில் நடுங்கினாள். என் அம்மா எலும்பும் தோலுமாய் ஆகிக்கொண்டிருந்தாள். அம்மாவும் அந்தப் பிள்ளை போன இடத்துக்கே போய்விடுவாள் என்று நான் முடிவே செய்துவிட்டேன். பெரியவர்களும் அதைத்தான் நினைத்தார்கள், குரலைத் தாழ்த்திப் பேசியதிலேயே தெரிந்தது.

அத்தை தன் வைத்தியத்தை ஆரம்பித்தாள். சன்னல் இரண்டையும் சாத்தினாள். கதவிடுக்கில் சாக்குத் துணி திணித்தாள். சுக்குத் தண்ணீர், பூண்டுப் பால், சூடாக ஒத்தடம். ‘பச்ச உடம்பு, காத்து பட்டா ஆகாது. தீட்டுக் கழியற வரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாது’ என்றாள். இருட்டு வீட்டுக்குள் அம்மா இன்னும் ஒடுங்கிப்போனாள்.

கடைசியில் மழை கொஞ்சம் விட்ட ஒரு நாள், அம்மாவை லோரியிலேயே ஏற்றிக்கொண்டு அப்பாவும் அத்தையும் ஊர் கிளினிக்குக்குப் போனார்கள். என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டார்கள். திரும்பி வந்ததும் அப்பா நேராகப் பொதுக் குழாயடிக்குப் போய்க் கால் கழுவிக்கொண்டே, அங்கே இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“மிஸ்ஸி சொல்லிட்டாங்க. மாக்கான் ஆங்கின் போவணுமாம். கடக்கரப் பக்கமா காடியில கூட்டிட்டுப் போய்ச் சுத்திக் காட்டணுமாம்.”

நர்சை நாம் மிஸ்ஸி என்போம், காரைக் காடி என்போம். மாக்கான் ஆங்கின் என்றால் நேர் அர்த்தம் ‘காற்றுத் தின்பது’. மலாய்க்காரர்கள் உல்லாசமாக ஊர் சுற்றிவிட்டு வருவதை அப்படிச் சொல்வார்கள். பிள்ளையைப் பறிகொடுத்து வீட்டுக்குள் கிடக்கிற பெண்ணை உல்லாசப் பயணம் கூட்டிப்போகச் சொன்னால் குழாயடி சும்மா இருக்குமா? வாளிகள் அப்படியே நின்றன.

அத்தை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தாள்.

“அலமாக்! ஊரு சிரிக்கும்டா! பச்ச உடம்புக்காரிய கடக்கரைக்கு இழுத்துட்டுப் போறானாம்! மிஸ்ஸி சொன்னாளாம், இவன் கேட்டானாம்! மருந்துக்கு வரிசையில நிக்காம நான் உள்ள வந்திருக்கணும்!”

“என்னக்கா பண்ணச் சொல்றீங்க? படிச்சவங்க சொல்லிட்டாங்கலா” என்றார் அப்பா, பாவமாக.

அம்மா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அப்பா அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். “இது ஊரு சுத்தறது இல்ல. மருந்து. கசப்பு மருந்து குடுத்திருந்தா குடிச்சிருக்க மாட்டே? அது மாதிரி இது. ஒரு நாளு காத்து தின்னுட்டு வந்துரலாம்” என்றார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆனால் மறுபடியும் தலையை ஆட்டவில்லை.

குளுவாங்கில் அப்பாவின் கூட்டாளி ஒருவர் இருந்தார். வேதக்காரர், நாங்கள் அவரைக் காடிக்கார மாமா என்போம். வெள்ளைக்காரத் துரை வீட்டில் டிரைவராக இருந்தவர். துரை ஊருக்குத் திரும்பியபோது அந்தப் பழைய மோரிஸ் மைனரை இவரே வாங்கிக்கொண்டார். கேட்டவர்களுக்குக் காடி ஓட்டுவார், கூடவே ஊரைச் சுற்றியும் காட்டுவார். துரையையும் துரைசாணியையும் கிழக்குக் கரைக்கு அழைத்துப்போய் எந்தெந்த இடத்தில் நிறுத்தினாரோ அதே இடங்களில் எங்களுக்கும் நிறுத்துவார். இன்றைக்கு என் மகன் கைப்பேசியில் தட்டி, தனி வண்டி, வழிகாட்டியோடு முழு நாள் கடற்கரைப் பயணம் என்று வரவழைக்கிறானே, அதையெல்லாம் அவர் அப்போதே செய்தாயிற்று.

சீனப் பெருநாளுக்குக் கொஞ்சம் முன்னால், மழை வெறித்த ஒரு காலையில் அந்தச் சாம்பல் நிறக் காடி எங்கள் லயத்துக்குள் வந்தது. பிள்ளைகள் எல்லாம் பின்னாலேயே ஓடி வந்தார்கள். நீங்களும் ஓடி வந்திருப்பீர்கள்.

அத்தை அம்மாவை உடுத்தி அனுப்பிய அழகைச் சொல்ல வேண்டும். சேலைக்கு மேல் அப்பாவின் சட்டை. காலில் காலுறை. தலையோடு சேர்த்துக் கழுத்தைச் சுற்றிப் பழுப்புக் கம்பளி மப்ளர். அது அத்தையின் கணவர் போட்டுக்கொண்டிருந்தது, பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தாள், யாரையும் தொட விடமாட்டாள். வயிற்றில் தைலம் தேய்த்தாயிற்று, குப்பியும் கைப்பையில். போதாதென்று இரண்டு காதிலும் பஞ்சை உருட்டித் திணித்தாள்.

“காத்து தின்னப் போறவளுக்கு எதுக்கு அத்தை பஞ்சு?” என்று கேட்டேன்.

“வாயால திங்கட்டும். காதால எதுக்குத் திங்கணும்? நீ ஏறுடி” என்றாள்.

அவளுக்கு இந்தப் பயணமே பிடிக்கவில்லை, அம்மா மேல் ஒரு துளிக் காற்றும் படக் கூடாது என்று வீம்புக்குச் செய்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். நீங்களும் வாங்க என்று அப்பா கூப்பிட்டதற்கு, கோழிக்கு யார் தீனி போடுவது என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கடலை அவள் அதுவரை பார்த்ததே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

காடிக்கார மாமா துரை காலத்துத் தொப்பியைப் போட்டிருந்தார். முன்னால் மாதா படம், அதற்கு ஒரு பிளாஸ்டிக் மல்லிகைச் சரம். அம்மாவைப் பின்னால் இடது பக்கம் உட்காரவைத்தார். “அதான் துரைசாணி உக்காற இடம். கடல் அந்தப் பக்கம் நல்லாத் தெரியாது, ஆனா வெயில் அடிக்காது” என்றார். எங்களை வழியெல்லாம் பேச்சாலேயே கட்டிப்போட்டார். காஹாங்கில் புலி குறுக்கே போனது, ஜெமாலுவாங்கில் துரைசாணிக்குத் தலை சுற்றியது, எல்லாம் சொன்னார். எனக்கும் தலை சுற்றியது. அந்தச் சாலை அப்போது அவ்வளவு வளைவு, இரண்டு பக்கமும் காடு, காடிக்குள் பெட்ரோல் வாசமும் தைல வாசமும் கலந்து அடித்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தாள்.

மெர்சிங் ஆற்றங்கரையில் மீன்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. முதல் நிறுத்தம் அங்கேதான். காடிக்கார மாமா ஓடி வந்து அம்மாவின் பக்கத்துக் கதவைத் திறந்து, மடக்கிய குடையைக் கையில் பிடித்துக்கொண்டு, முதுகை வளைத்து நின்றார்.

“இறங்குங்கம்மா.”

அம்மா தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள், யாரைச் சொல்கிறார் என்று. அவளுக்கு யாரும் அதுவரை கதவு திறந்துவிட்டது கிடையாது. விடியற்காலையில் பால் வாளியோடு லோரிக்குப் பின்னால் தொற்றி ஏறிப் போனவள். அவள் இறங்கவில்லை. அவரும் கதவைச் சாத்தவில்லை. தொப்பியும் குடையுமாக அப்படியே நின்றார். கடைசியில் அந்த மனிதருக்காகவே அம்மா ஒரு காலைக் கீழே வைத்தாள், காலுறையோடு. அவரைக் காலமெல்லாம் கும்பிடலாம், நான் கும்பிடுகிறேன்.

அதற்குப் பிறகு கரையை ஒட்டி வடக்கே போனோம். சவுக்கு மரங்களுக்கு இடையில் கடல் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. மழைக்காலத்துக் கடல், பழுப்பாக, ஓயாமல் நுரை தள்ளிக்கொண்டு. காடிக்கார மாமா தூரத்துத் தீவு ஒன்றைக் காட்டி ஒரு பெயர் சொன்னார். வளைவு திரும்பியதும் அதே தீவைக் காட்டி வேறு பெயர் சொன்னார். அப்பா, “அதே தீவுதானேங்க?” என்றார். “இந்தப் பக்கத்துலேருந்து பாத்தா அது வேற தீவு” என்றார் மாமா. நானும் அப்பாவும் சிரித்தோம். அம்மாவின் காதில் பஞ்சு.

கடைசி நிறுத்தத்தில் சவுக்கு மரத்தடியில் பாய் விரித்து, அப்பா அடுக்குச் சட்டியைப் பிரித்தார். புளிச்சோறு, நெத்திலிச் சம்பல், வாழை இலையில் சுற்றிய அவித்த முட்டை. அத்தையின் கைமணம் அந்தக் காற்றிலும் மூக்கைத் துளைத்தது. அம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டு வழக்கம்போல் பிசைந்துகொண்டிருந்தாள். அப்பா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். அவர் கையில் இருந்த கடைசி மருந்து அந்தக் கடற்கரைதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவின் தோளை உலுக்கி, “கடல் சத்தம் ஒனக்குக் கேக்குதாம்மா?” என்று கத்தினேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். ஒரு காதுப் பஞ்சை எடுத்தாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு இன்னொன்றையும் எடுத்தாள்.

அப்போது பார்த்து ஒரு காற்று அடித்தது பாருங்கள். அவள் தளர்த்தியிருந்த மப்ளர் உருவிக்கொண்டு பறந்துவிட்டது. “ஐயோ, அக்காவோடது!” என்று அப்பா காற்சட்டையைச் சுருட்டக்கூட நேரமில்லாமல் அதன் பின்னால் ஓடினார். காடிக்கார மாமா குடையை விரித்துக்கொண்டு ஓடினார், எதற்கு விரித்தார் என்று அவருக்கே தெரியாது. குடை மேல்பக்கமாகத் திருப்பிக்கொண்டது. தொப்பி ஒரு பக்கம், மப்ளர் ஒரு பக்கம். அப்பா மப்ளரைப் பிடிக்கப் பாய்ந்து அலையில் குப்புற விழுந்தார். எழுந்தபோது வாயெல்லாம் மணல், மப்ளர் நுரையோடு போய்க்கொண்டிருந்தது.

அம்மாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். சிரிப்புதான் முதலில். அது பாதியில் உடைந்து அழுகையாகிவிட்டது. அவள் வாய்விட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, அந்தப் பிள்ளைக்காக அன்றைக்குத்தான் முதல்முதலாக அழுதாள். லயத்தில் அழுதிருந்தால் பத்துப் பேர் ஓடி வந்து அழாதே என்றிருப்பார்கள். அங்கே கடல் அவளைவிடச் சத்தமாக இருந்தது. அப்பா தண்ணீரிலேயே நின்றார், கிட்டே வரவில்லை. காடிக்கார மாமா என் கையைப் பிடித்து, “வா பாப்பா, நண்டு காட்டறேன். துரைசாணிக்குப் பிடிச்ச நண்டு” என்று தூரமாக அழைத்துப் போய்விட்டார்.

நாங்கள் திரும்பி வந்தபோது அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்பா சொட்டச் சொட்ட எதிரில் உட்கார்ந்திருந்தார். அம்மா ஒரு வாய் மென்றாள், முகத்தைச் சுளித்தாள்.

“சோத்துல மண்ணு” என்றாள்.

எத்தனையோ நாளைக்குப் பிறகு என் அம்மா பேசியது அதுதான். அப்பாவின் முகம் மலர்ந்ததே, அப்படி ஒரு மலர்ச்சியை நான் என் கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் பார்க்கவில்லை. “ஆமாலா, மண்ணுதான். மண்ணேதான்!” என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா அந்த மண் சோற்றை முழுக்கச் சாப்பிட்டாள். என் தட்டிலிருந்த முட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வீடு திரும்பியபோது அத்தை வாசலிலேயே நின்றிருந்தாள். அம்மா தலையில் மப்ளர் இல்லை, காதில் பஞ்சு இல்லை, காலுறை ஈரம். செத்தோம் என்று நினைத்தேன்.

“சாப்டியா?” என்றாள் அத்தை.

“சாப்டேன் அண்ணி. மப்ளரு கடலோட போயிடுச்சு.”

அத்தை அப்பா பக்கம் திரும்பி லயமே கேட்கக் கூச்சல் போட்டாள். மூளை இருக்கிறதா, காது இருக்கிறதா, இந்தக் கோலத்திலா பொண்டாட்டியைக் கூட்டி வருவாய் என்று விளாசிவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. மப்ளர் போன கோபம் என்று நான் கிட்டேயே போகவில்லை.

சில நாள் கழித்து அதே மிஸ்ஸி பிள்ளைகளுக்கு ஊசி போடத் தோட்டத்துக்கு வந்தார். மலாய்க்கார அம்மா, கருணையான முகம். அம்மா குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டு, ஏன் வெளியே வந்தாய், காற்றுப் படாமல் இருக்கச் சொன்னேனே என்று கேட்டார். தோட்டத்து எழுத்தர் கிராணி மொழிபெயர்த்தார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மிஸ்ஸி சொன்னது மாக்கான் ஆங்கின் இல்லை. மாசுக் ஆங்கின். உடம்புக்குள் காற்றுப் புகுந்துவிட்டது, தைலம் தேய்த்து, கதவைச் சாத்திச் சூடாக வைத்துக்கொள் என்று அர்த்தம். அப்பா அதைத் தப்பாகக் காதில் வாங்கி, காற்றுப் புகுந்தவளை இன்னும் காற்றுத் தின்னக் கடற்கரைக்கே கூட்டிப் போய்விட்டார்.

குழாயடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மிஸ்ஸியும் சிரித்தார். அம்மாவும் முழங்கை வரை சோப்பு நுரையோடு உட்கார்ந்து சிரித்தாள், இந்தத் தடவை அழுகையாக மாறவில்லை. அப்பா தலையைச் சொறிந்தார். அன்றிலிருந்து அவர் ‘காத்து தின்னி’. லோரியை எடுத்தால், “அண்ணே, இன்னிக்கு எங்க காத்து திங்கப் போறீங்க?” என்று கேட்காத ஆளில்லை. அத்தையே சீண்டுவாள். “கடைக்குப் போறவனே, மிளகாய்னு சொல்றேன், மிளகுன்னு காதுல வாங்கிக்காத!” அப்பா தலையைச் சொறிவார், சிரிப்பார். சாகும்வரை அப்படித்தான். அவர் துக்க வீட்டிலும் இந்தக் கதையைச் சொல்லித்தான் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் தொட்டில் ஸ்பிரிங் ஒளித்த இடத்திலிருந்து வெளியே வந்தது, அதே கொக்கியில் தொங்கியது. என் தம்பி அதில்தான் ஆடினான். கிரீச் கிரீச் என்ற சத்தம் கடைசிவரை நிற்கவில்லை. லயத்தை இடித்தபோது ஸ்பிரிங் எங்கே போனதோ தெரியவில்லை.

இனி திருத்தம்.

அம்மா போன வருடம் காலமானாள். நிறைய வயதாகி, பேரன் பேத்தி எடுத்து, வாய் ஓயாமல் பேசிப் பேசித்தான் போனாள். அத்தை பண்டார் தெங்காராவில் என் தம்பி வீட்டில் இருக்கிறாள். உடம்பு சுருங்கிவிட்டது, சாரீரம் மட்டும் அப்படியே இருக்கிறது. நான் கெலாங் பாத்தாவில் மகன் வீட்டில். அம்மா இல்லாத வீட்டில் அத்தை வாடிப்போயிருக்கிறாள் என்று தம்பி சொன்னதால், மகனிடம் சொல்லி ஒரு தனி வண்டிக்கு ஏற்பாடு செய்தேன். வழிகாட்டி ஒரு மலாய்ப் பையன், நல்ல மரியாதை, வண்டிக்குள் பூ வாசம் அடித்தது. அவனே இறங்கி வந்து அத்தைக்குக் கதவு திறந்துவிட்டான். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

மெர்சிங் தாண்டிக் கரையோரம் போகும்போது அத்தை கண்ணாடியை இறக்கச் சொன்னாள். காற்று அவள் வெள்ளை முடியைக் கலைத்தது. பையன் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்து, “நேனெக், பாட்டி, சாத்திடட்டுமா? மாசுக் ஆங்கின் ஆயிடும்” என்று மலாயில் கவலையோடு கேட்டான்.

அத்தை அவனிடம் மலாயில், “இது மாசுக் ஆங்கின் இல்ல தம்பி, மாக்கான் ஆங்கின்” என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். “அப்பாதான் ரெண்டையும் கொழப்பிட்டாரே” என்றேன்.

அத்தை சிரிப்பை நிறுத்தினாள்.

“யாரு, ஒங்கப்பனா? மலாய்க்காரன் கூட சண்ட போட்டு மலாய்லயே சமாதானம் பண்றவனுக்கு இந்த ரெண்டு வார்த்த தெரியாதா?”

எனக்குப் புரியவில்லை.

“நான் மருந்து வரிசையில நிக்கலடி. அவன் பக்கத்துலதான் நின்னேன். மிஸ்ஸி தெளிவாத்தான் சொன்னா, மாசுக் ஆங்கின்னு. அவனும் தெளிவாத்தான் கேட்டான். வீட்டுக்கு வந்து குழாயடியில மாத்திச் சொல்றான். நான் அவன் மூஞ்சியப் பாத்தேன். அப்பத்தான் புரிஞ்சுச்சு. கடக்கரைக்குப் போலாம் வான்னா ஒங்கம்மா வருவாளா? புள்ளைய வாரிக்குடுத்துட்டு ஊரு சுத்துறான்னு லயம் பேசாதா? மருந்துன்னு சொன்னாதான் அவளும் வருவா, ஊரும் வாய மூடும்.”

“அப்ப நீங்க கத்துனது?”

“நான் கத்தலேன்னா எவ நம்புவா?”

வண்டி ஒரு வளைவில் திரும்பியது. அத்தை கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“ஆனா மிஸ்ஸி சொன்னதையும் தள்ள முடியல. நெசமாவே காத்துப் புகுந்து அவளுக்கு ஒண்ணு ஆயிட்டா? அதான் தைலம் தேச்சேன். செத்துப்போன ஒங்க மாமாவோட மப்ளர எடுத்துக் கட்டுனேன். காதுல பஞ்சு வச்சேன். ராத்திரி அவ சாப்டேன்னு சொன்னதும் அடுப்படியில போய் அழுதேன்.”

“மிஸ்ஸி வந்து எல்லாரும் சிரிச்சப்பவாச்சும் சொல்லியிருக்கலாமே அத்தை. அப்பா சாகற வரைக்கும் கேலி கேட்டாரே.”

“சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். அவன் வேணான்னுட்டான். ‘அவ சிரிக்கிறாக்கா, விடுங்க’ன்னான்.”

 தலையைச் சொறிந்துகொண்டு நின்ற என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவரோடு சேர்ந்து அத்தனை வருடம் கத்திக் கத்தியே அதை மறைத்த இந்தக் கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதே இடமா என்று தெரியாது, ஆனால் சவுக்கு மரங்கள் இருந்தன. பாய் விரித்தோம். நான் கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை அத்தை ஒரு வாய் போட்டாள். காற்று நன்றாக அடித்தது. அவள் மென்றாள், முகத்தைச் சுளித்தாள், என்னைப் பார்த்தாள்.

“மண்ணா அத்தை?” என்றேன்.

“மண்ணுதான்” என்றாள் அத்தை. “இன்னும் கொஞ்சம் போடு.”